தோற்றவர்களுக்குச் சாட்சியான தளபதி: ஜேம்ஸ் வெல்ஷும் நெல்லைச் சீமையும்

பாபநாசத்தில் மலையை விட்டிறங்கும் தாமிரபரணி, அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி வழியாகப் பாளையங்கோட்டையை எட்டுவதற்குள், பழைய திருநெல்வேலிச் சீமையின் அரசியல் வரைபடம் முழுவதையும் காட்டிவிடுகிறது. மலையடிவாரத்தில் சிங்கம்பட்டி, ஊர்க்காடு போன்ற மறவர் பாளையங்கள். ஆற்றின் இரு கரையிலும் நெல் விளையும் நன்செய் ஊர்கள். கிழக்கே கரிசல் காட்டில் பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம் போன்ற நாயக்கர் பாளையங்கள். நடுவில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் கோட்டை. 1799 முதல் 1809 வரையிலான பத்தாண்டுகளில் இந்தச் சீமை ஆயுதங்களை இழந்தது. அந்தப் பத்தாண்டுகளை எழுத முற்படும் எவரும் ஒரு பிரிட்டிஷ் தளபதியின் நினைவுக்குறிப்பைத் தாண்டிப் போக முடிவதில்லை. அவர் ஜெனரல் ஜேம்ஸ் வெல்ஷ்.

1775-இல் பிறந்த வெல்ஷ் ஸ்காட்லாந்துக்காரர். பதினைந்து வயதில் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்து, 1791 தொடக்கத்தில் சென்னையில் வந்து இறங்கினார். 1793-இல் புதுச்சேரி முற்றுகையில் இருந்தார். கம்பெனிப் படையில் அதிகாரிகள் பதவியை விலைக்கு வாங்குவதில்லை. மூப்பு அடிப்படையில்தான் ஏறினார்கள். அதே காலத்துப் பிரஷ்யாவை இங்கே எண்ணிப் பார்க்கலாம். 1806-இல் ஜெனாவில் நெப்போலியனிடம் தோற்ற பிறகு, ஷார்ன்ஹோர்ஸ்டும் க்னைசெனாவும் அங்கே தேர்வு, பயிற்சி, தலைமைப் பணிக்குழு என்று படையமைப்பையே மாற்றினார்கள். பிரஷ்யத் தளபதி போர்க்கல்வியின் வழியே உருவானார். சென்னைப் படையின் தளபதியோ காலரா, காய்ச்சல், பாளையக்காரர் வேல் ஆகிய அனைத்துக்கும் தப்பி நீண்ட காலம் உயிரோடிருந்ததன் வழியே உருவானார். வெல்ஷ் 85 வயது வரை வாழ்ந்தார் என்பது அவருடைய பதவி உயர்வில் சிறிய காரணமன்று.

அவருடைய தென்பாண்டி அனுபவம் போரில் தொடங்கவில்லை, நட்பில் தொடங்கியது. 1795-ஐ ஒட்டி மதுரைப் பகுதியில் பணியிலிருந்தபோது சிவகங்கைக் காடுகளுக்கு வேட்டைக்குப் போனவர், மருது சகோதரர்களோடு பழகினார். வேலெறியவும் வளரி வீசவும் தமக்கு முதலில் கற்றுத்தந்தவர் சின்ன மருதுதான் என்று அவரே பதிவு செய்திருக்கிறார். அண்ணன் வெள்ளை மருதுவின் உடல்வலிமையை வியந்து, ஆற்காட்டு ரூபாய் நாணயத்தை விரலாலேயே வளைக்கக் கூடியவர் என்று பேசப்பட்டதையும் குறிக்கிறார். நாட்டை ஆளும் தம்பி, வேட்டையையே வாழ்க்கையாகக் கொண்ட அண்ணன் என்று அவர் தீட்டும் சித்திரம்தான் பிற்காலத் தமிழ் நூல்களிலும் மேடைகளிலும் நிலைத்தது.

பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய கோட்டை இடிக்கப்பட்டது. தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டையில் சிறை வைக்கப்பட்டார். 1801 பிப்ரவரி 2 மாலை, மேஜர் காலின் மெக்காலேயின் தோட்ட வீட்டில் ஊரிலிருந்த வெள்ளையர்கள் சுமார் இருபது பேர் விருந்துண்டுகொண்டிருந்த வேளையில் கைதிகள் தப்பினார்கள். கம்பெனிப் படையின் பெரும்பகுதி சங்கரநயினார்கோவிலில் கிடந்தது. அதைத் திரட்டிக்கொண்டு பாஞ்சாலங்குறிச்சிக்குப் போனவர்கள், தரைமட்டமாக்கிய கோட்டை மறுபடியும் நிற்பதைக் கண்டார்கள். சில நாட்களுக்குள் எழுந்த மண் சுவர்! ஊர்மக்கள் அனைவரும் கை கொடுத்திராவிட்டால் அது நடந்திருக்காது.

1801 மார்ச் 31-இல் நடந்த முதல் தாக்குதல் ஏன் தோற்றது என்பதற்கு வெல்ஷ் தரும் விளக்கம் போர்க்கலை ஆராய்வோருக்கு அரிய செய்தி. பீரங்கி உடைத்த மதில் மீது ஏறியவர்களுக்கு எதிரே ஆள் யாரும் தென்படவில்லை. ஏறியவர்கள் மட்டும் விழுந்துகொண்டே இருந்தார்கள். கொத்தளங்களின் உட்புறத்தைக் குடைந்து பள்ளமாக்கி, அதற்குள் நின்ற வீரர்கள் மிக நீண்ட வேல்களால் மேலே தெரிந்தவர்களைக் குத்தினார்கள். கோட்டை விழுந்த பிறகு உள்ளே போய்ப் பார்த்தபோதுதான் கம்பெனியாருக்கு இந்த அமைப்பு விளங்கியது. பீரங்கிக்கு எதிராக மண்ணையும் மூங்கிலையும் நம்பியவர்களின் பொறியியல் இது. இதைக் குறித்துவைக்கும் நேர்மை அவரிடம் இருந்தது.

லெப்டினன்ட் கர்னல் ஆக்னியூவின் தலைமையில் புதுப்படை வந்து, மே 24-இல் கோட்டை வீழ்ந்தது. ஊமைத்துரையைப் பற்றி வெல்ஷ் எழுதும் பகுதிகள்தான் நூலில் மிகவும் உயிருள்ளவை. பேச இயலாத, ஒல்லியான அந்த மனிதர் வைக்கோல் துரும்புகளை இடது உள்ளங்கையில் அடுக்கி, அவைதாம் வெள்ளையர் படை என்று காட்டி, மறு கையால் ஒலியெழுப்பியபடி அவற்றைத் துடைத்தெறிவாராம். அதுவே தாக்குதலுக்கான ஆணை. அவர் தப்பிய கதையும் அங்கே உண்டு. களத்தில் மகனைத் தேடி வந்த ஒரு தாயிடம், குற்றுயிராய்க் கிடந்த மகன் தன்னை விட்டுவிட்டு அருகில் கிடக்கும் சாமியைக் காப்பாற்றும்படி சொல்கிறான். பெண்கள் ஊமைத்துரையைத் தூக்கிப்போகிறார்கள். தேடி வந்த எட்டயபுரத்து ஆட்களிடம், கிடப்பவனுக்கு அம்மை கண்டிருக்கிறது என்று சொல்லி அழ, அவர்கள் அஞ்சி விலகுகிறார்கள்.

இந்த இடத்தில் ஆய்வாளர் நிதானிக்க வேண்டும். வெல்ஷ் கண்ணால் கண்டவை வேறு, காதால் கேட்டவை வேறு. மதிலில் ஏறியவர்கள் விழுந்ததை அவர் கண்டார். தாயும் மகனும் பேசியதை அவர் கண்டிருக்க முடியாது. அது பாளையத்து மக்களின் வாய்மொழி வழியே படைமுகாமை எட்டியிருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் அந்தப் பகுதி ஆங்கிலத்தில் காப்பாற்றப்பட்ட தமிழ்நாட்டு வாய்மொழி வரலாறு. என் மதிப்பீட்டில் அதன் அருமை இதனால் கூடுகிறதே ஒழியக் குறையவில்லை.

ஊமைத்துரை மருது சகோதரர்களிடம் அடைக்கலம் புக, போர் சிவகங்கைச் சீமைக்கு நகர்ந்தது. அவர்களுடைய அரணான காளையார்கோவில் வீழ்ந்தபின், அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். வேலெறியக் கற்றுத்தந்தவர் காட்டு விலங்குபோல வேட்டையாடப்பட்டு, தொடையில் காயத்தோடு பிடிபட்டுத் தூக்கிலேறியதை வெல்ஷ் வேதனையோடு எழுதுகிறார். நவம்பர் 16-இல் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார். சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்ளிட்டோர் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார்கள். துரைசாமிக்கு அப்போது பதினைந்து வயது இருக்கும். 1818-இல் பினாங்குக்குச் சென்ற வெல்ஷின் முன்னால் தளர்ந்துபோன ஒருவர் வந்து நின்றார். முப்பதைச் சற்றே தாண்டிய வயதிலேயே கிழவராகியிருந்த அவர் துரைசாமி என்று அறிந்தபோது நெஞ்சில் குத்தியதுபோல இருந்தது என்கிறார் தளபதி. நாடுகடத்தலின் விளைவுக்கு இதைவிட வலுவான சாட்சியம் வேண்டியதில்லை.

இந்த இரக்கத்தை மட்டும் வைத்து அவரை எடைபோடவும் கூடாது. 1806 ஜூலையில் வேலூர்ப் புரட்சி வெடித்தபின், நவம்பரில் பாளையங்கோட்டையில் இருந்த வெல்ஷ், சந்தேகத்தின் பேரிலேயே சிப்பாய்களின் ஆயுதங்களைப் பறித்து, முஸ்லிம் சிப்பாய்களைக் கோட்டையை விட்டு வெளியேற்றினார். அதற்காக இராணுவ விசாரணைக்கு உள்ளாகி, குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். பாபநாசத்துக்கு மேலே உயர்ந்து நிற்கும் மலைத்தொடர் தெற்கே தாழ்ந்து கணவாயாகும் இடம் ஆரல்வாய்மொழி. 1809 பிப்ரவரி 10-இல், திருவிதாங்கூரின் வேலுத்தம்பி தளவாயின் படை காத்துநின்ற அந்த அரண்களை, இரவில் தென்புற மலைமேல் ஏறிப் பின்பக்கமாக விழுந்து பிடித்தவரும் இவரே. அத்துடன் திருவிதாங்கூரின் எதிர்ப்பு முறிந்தது; அடுத்த மாதமே வேலுத்தம்பி மண்ணடியில் உயிர்விட்டார்.

நாற்பதாண்டுப் பணியின் நாட்குறிப்புகளிலிருந்து தொகுத்த இரு தொகுதி நூலை 1830-இல் இலண்டனில் வெளியிட்டார். 1854-இல் முழு ஜெனரலாகி, 1861 ஜனவரி 24-இல் பாத் நகரில் காலமானார். நூலின் பயணம் அவரோடு முடியவில்லை. இடையன்குடியில் வாழ்ந்த பிஷப் கால்டுவெல், 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றில் வெல்ஷின் பகுதிகளை விரிவாக எடுத்தாண்டார். அங்கிருந்து அவை தமிழ் நூல்களுக்கும் நாடகத்துக்கும் பரவின.

ஆனால் வெல்ஷின் கவனம் வீரத்தின் மீது குவிந்த அளவுக்குக் காரணத்தின் மீது குவியவில்லை. கிஸ்தி வசூல், காவல் உரிமை பறிப்பு, 1801 ஜூனில் சின்ன மருது வெளியிட்ட திருச்சி அறிக்கையின் அரசியல் ஆகியவற்றுக்கு ஆவணக் காப்பகங்களைத்தான் நாட வேண்டும். 1801 டிசம்பர் 1-இல் பிறந்த ஆயுதத் தடை ஆணையும், 1803 நிலவரித் திட்டமும், சிங்கம்பட்டி போன்ற எஞ்சிய பாளையங்களை ஜமீன்களாக்கிய கதையும் அங்கேதான் கிடைக்கும். நெல்லை, தூத்துக்குடிக் கல்லூரிகளில் வரலாறு பயிலும் மாணவர்கள் வெல்ஷின் தென்பாண்டி அத்தியாயங்களை ஒரு கையிலும், ஒட்டப்பிடாரம் வட்டாரத்தில் இன்றும் பாடப்படும் கதைப்பாடல்களை மறு கையிலும் வைத்து, அவர் கண்டது எது, கேட்டது எது என்று வரி வரியாகப் பிரித்துப் பதிப்பிக்க வேண்டும். பாடத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே அந்த வேலை தொடங்க வேண்டும்.