எண்களுக்குள் போகும் பிள்ளைகள்: மலேசியத் தமிழ் இளையோரும் குண்டர் கும்பல்களும்

2013 ஆகஸ்டில் மலேசிய உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களைச் சட்டவிரோத அமைப்புகள் என அறிவித்தது. அவற்றில் 40,313 பேர் இருப்பதாகவும், அவர்களுள் 28,926 பேர் இந்தியர் என்றும் அமைச்சு கணக்குச் சொன்னது. மக்கள்தொகையில் ஏறத்தாழ 7 விழுக்காடாக இருக்கும் சமூகம் கும்பல்களில் ஏறத்தாழ 72 விழுக்காடு. இது காவல்துறைக்குத் தெரிந்தவர்களின் கணக்கு என்பதை மறக்கக் கூடாது. யாரை அதிகம் நிறுத்திச் சோதிக்கிறார்களோ அவர்களே அதிகம் பதிவாவார்கள். அப்படிக் கழித்துப் பார்த்தாலும் எஞ்சுவது பெரிய துயரம்தான். 04, 08, 36 என்று எண்களால் அறியப்படும் இந்தக் கும்பல்களுக்குள் நம் பிள்ளைகள் பதின்மூன்று, பதினான்கு வயதில் போகிறார்கள்.

ஏன் என்று கேட்டால் உடனே வரும் பதில்கள் இரண்டு: தமிழ்ப் படங்கள் கெடுத்துவிட்டன, பெற்றோர் கண்டிப்பதில்லை. அதே படங்களைப் பார்த்து வளரும் வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளை கும்பலுக்குப் போவதில்லை. பண்பாட்டைக் குற்றஞ்சாட்டும் வாதத்துக்குச் சிகாகோ ஆய்வுகளே நல்ல மறுப்பு. பிரெடெரிக் திராஷர் அந்நகரின் 1,313 கும்பல்களை ஆராய்ந்து 1927இல் நூலாக வெளியிட்டார். பழைய கட்டு குலைந்து புதியது அமையாத இடைவெளிப் பகுதிகளிலேயே அவை முளைத்தன. அவற்றில் இருந்தவர்களில் பெரும்பாலோர் போலந்து, இத்தாலி, அயர்லாந்து முதலிய நாடுகளிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகள். பின்னர் கிளிஃபர்ட் ஷா, ஹென்றி மெக்கே இருவரும் காட்டியது இன்னும் முக்கியமானது: ஒரு வட்டாரத்தில் குடியிருக்கும் இனம் மாறிய பின்பும் இளையோர் குற்ற விகிதம் அங்கே உயர்ந்தே இருந்தது. கோளாறு இரத்தத்தில் இல்லை, இடத்தில் இருந்தது.

மலேசியத் தமிழரின் இடைவெளிப் பகுதி தோட்டம் கலைந்ததில் உருவானது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. இடம்பெயர்ந்தவர்கள் ஏறத்தாழ மூன்று லட்சம் என்ற மதிப்பீடு பலராலும் எடுத்தாளப்படுகிறது. தோட்டம் சொர்க்கமாக இருந்ததில்லை. கங்காணியின் அதட்டலும் கள்ளுக்கடையும் குறைகூலியும் அங்கே இருந்தன. ஆனாலும் லயத்தின் முனையில் ஒரு பையன் சிகரெட் பிடித்தால் பொழுது சாய்வதற்குள் அவன் அம்மாவுக்குச் செய்தி போய்விடும். ஆயாக் கொட்டகை, கோயில், தமிழ்ப்பள்ளி, பந்துத்திடல் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருந்தன. மலிவுவிலை அடுக்குமாடிக்கு வந்தபோது தாயும் தகப்பனும் ஆளுக்கொரு ஷிப்டுக்குப் போக, பிள்ளையைப் பார்க்கும் அந்த நூறு கண்கள் காணாமற்போயின. முந்தைய தலைமுறையில் தோட்டங்கள் துண்டுபோட்டு விற்கப்பட்டபோது அந்நாளைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளரையே நிலத்துக்கு உடைமையாளராக்க முயன்றார். பிந்தைய பெயர்வுக்கு அந்த அளவில் ஒரு பதில் வரவே இல்லை.

இதோடு பள்ளி மாற்றமும் சேர்கிறது. ஆறாண்டு தமிழ்ப்பள்ளி, பிறகு மலாய் வழி இடைநிலைப் பள்ளி. மலாய் மொழியில் தேறாதவர்கள் நெடுங்காலமாக ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார வைக்கப்பட்டார்கள். நேற்றுவரை ஆசிரியர் பெயர் சொல்லி அழைத்த பிள்ளை இன்று கடைசி வரிசையில் பெயரில்லாதவன். கழிப்பறையில் யாரோ அவன் காசைப் பிடுங்குகிறார்கள். ஐந்தாம் படிவத்து அண்ணன் ஒருவன் தோளில் கைபோட்டு, "இவன் நம்ம பையன்" என்கிறான். பிடுங்கல் அன்றே நிற்கிறது. சில வாரங்களில் ஒரு பொட்டலத்தைச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்கிறார்கள். எந்தக் கட்டத்திலும் அந்தப் பையன் தான் கும்பலில் சேர்ந்ததாக நினைப்பதில்லை. பாதுகாப்பும் மரியாதையும் கிடைத்தன. அதற்குக் கைம்மாறு செய்தான், அவ்வளவுதான். பிறப்புப் பத்திரம் இல்லாமல் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை பெற முடியாதவனுக்கு இந்தக் கதவு இன்னும் அகலம். அவனிடம் பத்திரம் கேட்காத முதலாளி, தைக்கோ எனப்படும் கும்பல் தலைவன் மட்டுமே.

டெரன்ஸ் தார்ன்பெரி குழுவினர் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் ஒரே இளைஞர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கண்ட முடிவுகள் இங்கே ஒளி தருகின்றன. கும்பலில் இருக்கும் காலத்தில் குற்றச் செயல் கூடுகிறது. விலகிய பின் குறைகிறது. பெரும்பாலோர் ஓராண்டுக்கு மேல் அதில் நீடிப்பதுமில்லை. அதாவது கும்பல் என்பது பிள்ளையின் நிரந்தர இயல்பன்று; அவன் கடந்து போகக்கூடிய ஒரு கட்டம். கடக்கவிடாமல் தடுப்பவற்றுள் நம் சட்டங்களும் அடக்கம். 1969ஆம் ஆண்டின் அவசரகாலச் சட்டம் நீக்கப்பட்ட பின், 1959ஆம் ஆண்டின் குற்றத் தடுப்புச் சட்டம் 2013இல் திருத்தப்பட்டு, விசாரணையின்றி ஈராண்டு தடுத்துவைக்க வழி செய்தது. கொலைக்கு ஆளனுப்பும் தலைவனைப் பற்றி வேறு வாதம் இருக்கலாம். எடுபிடிப் பையனை அந்த வலையில் போடுவது அவன் விலகியிருக்கக்கூடிய ஆண்டையே அவனிடமிருந்து பறிப்பதாகும். வெளியே வரும்போது அவனுக்கு வேலை இராது. கும்பலில் மட்டும் மதிப்புக் கூடியிருக்கும்.

நல்லெண்ணமும் தவறலாம். லாஸ் ஏஞ்சல்ஸில் 1960களில் கும்பல்களுக்கென்றே பணியாளரை அமர்த்தி விளையாட்டு, சுற்றுலா என நடத்திய திட்டத்தை மால்கம் கிளெய்ன் ஆராய்ந்தார். கும்பலின் பிணைப்பு இறுகியது, குற்றமும் கூடியது. சிறைக்குக் கூட்டிப்போய்க் கைதிகளைக் கொண்டு மிரட்டும் திட்டங்களும் குற்றத்தைக் கூட்டவே செய்தன என்பது தொகுப்பாய்வுகளின் முடிவு. நம் ஊர் அமைப்புகளுக்கு இரண்டிலும் ஆசை உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். உதவி கும்பலுக்குப் போகக் கூடாது. கும்பலிலிருந்து பிரிந்து நிற்கும் ஒற்றைப் பிள்ளைக்குப் போக வேண்டும்.

அப்படி நடந்த பணிகள் இருக்கின்றன. லாஸ் ஏஞ்சல்ஸில் பாதிரியார் கிரெகரி பாயில் 1988இல் தொடங்கிய முயற்சி ஹோம்பாய் இண்டஸ்ட்ரீஸ் என வளர்ந்தது. அங்கே ரொட்டிக்கடையில் வேலை தருகிறார்கள். பச்சை குத்திய கும்பல் அடையாளங்களை இலவசமாக அழித்தும் விடுகிறார்கள். மலேசியாவில் பசுபதி சிதம்பரம் முன்னின்று தொடங்கிய மைஸ்கில்ஸ் அறவாரியம், படிப்பைக் கைவிட்ட இளையோரைக் கலும்பாங் வளாகத்தில் தங்கவைத்துக் கைத்தொழில் கற்பிக்கிறது. சொந்தக் குடியிருப்பான தாமானை விட்டுத் தள்ளி இருப்பதும் பயிற்சியின் பாதி. பழைய அண்ணன்மாரின் மோட்டார் சைக்கிள் அங்கே வந்து நிற்காது.

ஆனால் இவை வெளியேறும் வாசலைக் காக்கின்றன. நுழையும் வாசலில் இன்னும் ஆளில்லை. அதைக் காக்கப் புதிய சட்டமோ பெரும் நிதியோ வேண்டியதில்லை. ஆறாம் ஆண்டு முடித்துப் போகும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும், அவன் சேரப்போகும் இடைநிலைப் பள்ளியும் தலைமையாசிரியருக்குத் தெரியும். பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் முன்னாள் மாணவர்களும் கோயில் நிர்வாகங்களும் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கி, பிள்ளைக்கு ஒரு பெரியவர் வீதம் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் ஓராண்டு, வாரம் ஒருமுறை அவனைப் பார்த்துப் பேசுங்கள். தோளில் கைபோடும் அந்த அண்ணன் வருவதற்கு முன்பே நாம் அங்கே நிற்க வேண்டும்.