போருக்குப் போய்த் திரும்பிய எஞ்சின்

ரயில்வே பணிமனையில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவன் நான். பழைய நீராவி எஞ்சின் எங்கே நின்றாலும் அதன் நம்பரைப் பார்க்காமல் நகர மாட்டேன். இன்று எழுதப்போவது ஒரு ஜப்பானிய எஞ்சினைப் பற்றி. ஆனாலும் அது நம்மவர் கதையும்தான்.

வகையின் பெயர் சி56. 1935 முதல் 1939 வரை ஜப்பான் அரசு ரயில்வேக்காக 160 எஞ்சின்கள் கட்டினார்கள். எடை குறைவு, கிராமத்துக் கிளைப் பாதைகளுக்கு ஏற்றவை. டர்ன்டேபிள் இல்லாத ஊர்களில் எஞ்சினைத் திருப்ப முடியாது, பின்பக்கமாகவே ஓட்டி வரவேண்டும். அப்போது டிரைவருக்குப் பாதை தெரிவதற்காக டெண்டரின் இரு பக்கத்தையும் சரித்து வெட்டியிருந்தார்கள். நல்ல மூளை!

போர் வந்ததும் முதல் 90 எஞ்சின்களை ஜப்பானிய ராணுவம் எடுத்துக்கொண்டது. ஜப்பானில் பாதையின் அகலம் 1,067 மி.மீ. சயாமிலும் பர்மாவிலும் மீட்டர் கேஜ். சக்கரங்களுக்கு நடுவே இருந்த இடைவெளியை 67 மி.மீ. குறைத்துக் கப்பலேற்றினார்கள்.

பல எஞ்சின்கள் போய்ச் சேர்ந்த இடம் சயாம் மரண ரயில். சயாமின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கி.மீ., மலையும் காடும். 1942 நடுவில் தொடங்கிய வேலை, 1943 அக்டோபரில் முடிந்தது. அக்டோபர் 25 அன்று நடந்த திறப்பு விழாவில் ஓடியது சி56 31.

அந்தப் பாதைக்கு மண் சுமந்தவர்கள் யார்? போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல். அவர்களில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போல் பல மடங்கு. பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், இவர்களோடு மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள் பல்லாயிரம் பேர். நல்ல கூலி, சீக்கிரம் திரும்பலாம் என்று ஆசை காட்டினார்கள். ஆள் போதாதபோது பிடித்து ஏற்றினார்கள். காலராவும் மலேரியாவும் பசியும் வாரிக்கொண்டு போயின. கைதிகளுக்காவது கூடவே ராணுவ டாக்டர்கள் இருந்தார்கள். நம் ஆட்களுக்குப் பெரும்பாலும் அதுவும் இல்லை. ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர் சுமார் 90,000 என்பது பல நூல்களில் காணும் மதிப்பீடு.

போர் முடிந்தபின் 46 எஞ்சின்கள் தாய்லாந்து ரயில்வேக்கு வந்து 701 முதல் 746 வரை புது நம்பர் பெற்றன. 1979-இல் இரண்டு எஞ்சின்கள் ஜப்பான் திரும்பின. சி56 31, அந்தப் பாதையில் வேலை செய்த ஜப்பானிய ரயில்வே படையினரின் முயற்சியால், டோக்கியோ யசுகுனி கோவில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. சி56 44-ஐ ஓயிகாவா ரயில்வே வாங்கிச் சீர்செய்தது. சக்கரங்களை மறுபடி அகலப்படுத்தி, 1980-இல் ஓடவிட்டார்கள். பிறகு குழந்தைகளுக்காக, தாமஸ் கதையில் வரும் ஜேம்ஸ் போலச் சிவப்புச் சாயம் பூசியும் ஓட்டினார்கள்.

பணிமனைக்காரனாக இதை மெச்சத்தான் செய்கிறேன். 1936-இல் பிறந்த எஞ்சினுக்கு இப்படி உயிர் கொடுப்பது லேசான வேலையல்ல. எஞ்சின் மேல் பாவமும் இல்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த எஞ்சின் எந்த வருடம் பிறந்தது, எந்த நம்பரில் ஓடியது, எப்போது திரும்பியது, எல்லாவற்றுக்கும் பதிவு இருக்கிறது. காஞ்சனாபுரி போர்க் கல்லறையில் கிட்டத்தட்ட 7,000 போர்க்கைதிகளுக்குக் கல் இருக்கிறது, பெரும்பாலும் பெயரோடு. அந்தக் காட்டில் விழுந்த தோட்டத் தமிழனுக்கு அப்படிப் பெயரோடு தனிக் கல் இல்லை, முழுமையான பெயர்ப் பட்டியலும் இல்லை. குழியில் போட்டு மூடினார்கள், அவ்வளவுதான்.

உங்கள் குடும்பத்தில் மலாயாவுக்குப் போய், சயாமுக்குக் கொண்டு போகப்பட்டு, திரும்பாமல் போன தாத்தாவோ பெரியப்பாவோ உண்டா? அவர் பெயர், தகப்பனார் பெயர், வேலை பார்த்த தோட்டம், இந்த மூன்றையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கேட்டுச் சொல்ல இன்னும் சிலரே மிஞ்சியிருக்கிறார்கள்.