அள்ள ஆள் வரும் என்ற நம்பிக்கை: சென்னையின் குப்பையும் பொதுமனப்பான்மையும்

இந்திய நகரங்களின் அழுக்கைப் பற்றிப் பேச்செடுத்தால், "நம்ம ஜனங்களுக்குப் பொறுப்பே கிடையாது" என்ற தீர்ப்பில்தான் பெரும்பாலும் வந்து நிற்கும். மாநகராட்சியின் விளம்பரப் பலகையும் இதையே சற்று நாகரிகமாகச் சொல்கிறது. மக்களின் மனப்பான்மைதான் குப்பைக்குக் காரணம், அது மாறினால் நகரம் மாறும், ஆகவே விழிப்புணர்வு ஊட்ட வேண்டும் என்பது அதன் தருக்கம். சென்னையை முன்வைத்துப் பார்த்தால் இந்தத் தருக்கம் நிற்கவில்லை. இங்கே அலட்சியம் என்று பெயர் பெறுவது பெரும்பாலும் அனுபவத்தில் தேறிய ஒரு நம்பிக்கை. போட்டதை அள்ள ஆள் வரும், அள்ளியது போய்ச்சேர ஓர் இடம் உண்டு என்று நகரவாசிக்குத் தெரியும். அந்த ஆள் யார், அந்த இடம் எது என்பதும் தெரியும்.

இத்துறையில் அதிகம் எடுத்தாளப்படும் விளக்கம் வீட்டின் உள்ளையும் வெளியையும் பிரித்துக் காண்பது. வரலாற்றாசிரியர் தீபேஷ் சக்ரவர்த்தி 1990களின் தொடக்கத்திலும், கல்கத்தாவின் பூங்காக்களை முன்வைத்து அரசியல் அறிஞர் சுதீப்த கவிராஜ் 1997இலும் எழுதிய கட்டுரைகள் இதற்கு அடித்தளமிட்டன. சுருக்கமாகச் சொன்னால், வீட்டுக்குள் இருப்பது நம்முடையது, காக்க வேண்டியது. வெளியே கிடப்பது யாருடையதும் அல்ல. சென்னைத் தெருவில் இதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. வாசல் தெளித்துக் கோலம் போடும் வீட்டில், கூட்டிய மண்ணும் சருகும் கோலத்தின் விளிம்பைத் தாண்டி, மழைநீர் வடிகாலின் வாய்க்குள் போய்விடும். டிசம்பர் மழையில் அதே வடிகால் அடைத்துக்கொண்டு தண்ணீர் வாசலுக்குத் திரும்பும்போது திட்டு மாநகராட்சிக்கு.

இந்த விளக்கத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் பண்பாட்டை அசையாத பாறையாக வைத்துவிட்டால் சூரத் புரியாது. 1994 செப்டம்பரில் பிளேக் பீதியில் லட்சக்கணக்கானோர் விட்டு ஓடிய ஊர் அது. 1995இல் மாநகராட்சி ஆணையராக வந்த எஸ்.ஆர். ராவ் அதிகாரிகளைக் காலை வேளைகளில் அறையிலிருந்து தெருவுக்கு அனுப்பினார். குப்பை நாள்தோறும் அகற்றப்பட்டது, உணவகங்களுக்கு அபராதம் விழுந்தது, செல்வாக்குள்ளவர்களின் ஆக்கிரமிப்புகளும் இடிக்கப்பட்டன. இரண்டு ஆண்டுகளுக்குள் நாட்டின் தூய நகரங்களின் வரிசையில் சூரத் பேசப்பட்டது. அதே மக்கள், அதே உள்-வெளி உணர்வு. எதிர்பார்ப்பு மட்டும் மாறிவிட்டிருந்தது.

சென்னையிலும் இதற்கு நிகரான ஓர் அனுபவம் உண்டு. 1989இல் எம்.பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா அமைப்பு, தெருவாசிகளிடம் மாதம் ஒரு சிறு தொகை வாங்கி, பழைய பொருள் பொறுக்கியவர்களையே பணியமர்த்தி, மூன்று சக்கர வண்டியில் வீடு வீடாகக் குப்பை வாங்கியது. பல தெருக்கள் பணம் கொடுத்தன, நேரத்துக்குக் குப்பையை எடுத்தும் வைத்தன. முயற்சி இடறியது தெருவுக்கு வெளியே. தெருக்களில் சேர்ந்ததெல்லாம் கடைசியில் மாநகராட்சித் தொட்டிக்கே போய்ச்சேர்ந்தது. தொட்டியோ நிறைந்து வழிந்தது. பின்னர் 2000ஆம் ஆண்டில் நகரின் ஒரு பகுதியில் குப்பை அள்ளும் பணியை ஓனிக்ஸ் என்ற தனியார் நிறுவனம் ஏற்றபோது பணம் டன் கணக்கில் என்றானது. எடைக்குக் காசு என்றால் எவ்வளவு குப்பை சேர்கிறதோ அவ்வளவு வரவு. பிரித்து, குறைத்து, மட்கச் செய்யும் வீடு அந்தக் கணக்கில் நட்டம். பொறுப்பாக நடந்த குடிமகனுக்கு ஒப்பந்தமே எதிராக நின்றது.

பிரித்துக் கொடுப்பது பற்றிய வழக்கமான புலம்பலையும் இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். வீட்டிலேயே தரம் பிரித்துத் தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லின. மக்கும் குப்பை பச்சைத் தொட்டியில், மக்காத குப்பை நீலத் தொட்டியில். "நம்மவர்களுக்கு இது வராது" என்பார்கள். ஆனால் சென்னையில் ஏறக்குறைய எந்தச் சமையலறையிலும் பால் கவர் கழுவிக் காயவைக்கப்படுகிறது. செய்தித்தாள் மடிப்புக் கலையாமல் அடுக்கப்படுகிறது. எண்ணெய் டின், பாட்டில், இரும்பு எல்லாம் தனித்தனியாகப் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. எடைக்கல்லில் ஐம்பது கிராம் குறைந்தால் சண்டை வருகிறது. தரம் பிரிக்கும் கல்வியில் இந்த நகரம் எவருக்கும் பின்தங்கியதல்ல. விலை உள்ளதைப் பிரிக்கிறது. விலை இல்லாததை ஒரே கவரில் போட்டு முடிச்சுப் போடுகிறது.

அந்த முடிச்சை யார் அவிழ்ப்பது? பேட்டரி வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர். கவரைக் கையால் கிழித்து, சாதத்துக்கும் தேங்காய் ஓட்டுக்கும் நடுவிலிருந்து டயப்பரையும் உடைந்த கண்ணாடியையும் எடுத்து வேறு தொட்டியில் போடுகிறார். கையுறை இருக்கும், அல்லது இருக்காது. முடிச்சுப் போட்டவருக்கு இது தெரியாமலில்லை. பல நேரங்களில் அவர் கண்முன்னேதான் நடக்கிறது. சென்னையின் தூய்மைப் பணியாளர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள், அவர்களிலும் அருந்ததியர் கணிசம். இந்தத் தகவலை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடும் ஆய்வுகள் மனப்பான்மைக்கு மட்டும் நாற்பது கேள்விகள் கொண்ட படிவம் தயாரிப்பது எனக்குப் புரியவில்லை. இடம் மாறிக் கிடக்கும் பொருளே அழுக்கு என்று மானிடவியலாளர் மேரி டக்ளஸ் 1966இல் எழுதினார். இந்திய நகரத்தில் அந்தப் பொருளை இடம் சேர்க்கும் ஆளுக்கும் ஓர் 'இடம்' விதிக்கப்பட்டிருக்கிறது. அள்ளும் வேலை மலிவாகவும் பிறப்பால் ஒதுக்கப்பட்டதாகவும் இருக்கும்வரை, போடுகிறவர் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ள எந்த நெருக்கடியும் எழுவதில்லை. 2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்கு விடுவதை எதிர்த்து மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன் பணியாளர்கள் பதின்மூன்று நாள் அமர்ந்திருந்தார்கள். அவர்கள் கேட்டது வேலைக்கான பாதுகாப்பு. நள்ளிரவில் கைது செய்து அப்புறப்படுத்தினார்கள்.

அடுத்து, இடம். நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கும் மேற்பட்ட குப்பை இந்த நகரத்தில் சேர்கிறது. பல பத்தாண்டுகளாக அது இரண்டு திசைகளில் போனது: வடக்கே கொடுங்கையூர், தெற்கே பெருங்குடி. பெருங்குடிக் கிடங்கு அமைந்திருப்பது பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் மேல். மழைநீரைத் தாங்கி வடிக்கும் நிலத்தைப் பயனற்ற வெளியாகக் கணக்கில் எழுதிக் குப்பைக்குக் கொடுத்த அதே அரசு அமைப்பு, 2022இல் அந்தச் சதுப்புக்குப் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலம் என்னும் ராம்சர் தகுதியையும் பெற்றுத் தந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் கிடங்கு நாள்கணக்கில் எரிந்து புகைந்தது.

கூவம் ஆற்றின் கதை இந்த வாதத்துக்கு இன்னும் கூர்மையான சோதனை. ஆற்றின் கறுப்புக்குக் கரையோரக் குடிசைகளே காரணம் என்பது நெடுநாளைய நம்பிக்கை. 2000 முதல் கண்ணகி நகருக்கும், 2015 வெள்ளத்துக்குப் பின் பெரும்பாக்கத்துக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அனுப்பப்பட்டன. பள்ளி, வேலை, உறவு எல்லாம் இருபது கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிப்போயின. குடிசைகள் போன பின்னும் நேப்பியர் பாலத்தில் நின்றால் அதே நாற்றம். ஆற்றைக் கறுப்பாக்குவது முக்கியமாகக் கழிவுநீர். மழைநீர் வடிகால்களில் முறைகேடாக இணைத்த குழாய்களும், சுத்திகரிக்கப்படாமல் வெளியேறும் நீரும் அதைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. அந்தக் குழாய்கள் மாடி வீடுகளிலிருந்தும் வணிக வளாகங்களிலிருந்தும் வருபவை. கண்ணுக்குத் தெரிந்த ஏழையை ஆற்றின் எதிரியாகக் காட்டுவது எளிதாக இருந்தது, அவ்வளவுதான்.

பொதுமனப்பான்மையின் உண்மையான குருட்டுப் புள்ளியும் இங்கேதான் வெளிப்படுகிறது. கண்ணில் படும் குப்பையைப் பற்றி இந்த நகரம் ஓயாமல் பேசுகிறது. கண்ணில் படாத நஞ்சு அதன் பேச்சில் அரிதாகவே வருகிறது. போகியன்று டயர் எரிப்பது குற்றம், சரி. 2018 போகியில் புகைமூட்டத்தால் விமானங்களே தடுமாறின. ஆனால் போகி ஆண்டுக்கு ஒரு நாள். எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் கலப்பது அன்றாடம். 2017இல் டி.எம். கிருஷ்ணா பாடிய சென்னை புறம்போக்குப் பாடலுக்குப் பிறகே தென்சென்னையின் பல வீடுகள் அந்தச் சாம்பலைக் கேள்விப்பட்டன என்றால் மிகையல்ல. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவி எண்ணூர் முகத்துவாரம் கறுத்தபோது, மீனவர்கள் முதலில் வாளியும் மக்குமாக இறங்கி அள்ளினார்கள். தூய்மை நகரத் தரவரிசையில் இப்படிப்பட்டவற்றுக்குப் பெரிய எடை இல்லை. 2025இல் வெளியான பட்டியலில் பெருநகரங்கள் நாற்பதில் சென்னை 38ஆவது, மதுரை கடைசி என்றதும் எழுந்த வெட்க உணர்ச்சி, எண்ணூர்ச் சாம்பலுக்கு எழவில்லை.

இதற்கு எதிர்வாதம் உண்டு. நெகிழித் தடையை எடுத்துக்காட்டுவார்கள். 2019 சனவரி 1 முதல் பதினான்கு வகை நெகிழிப் பொருள்கள் தமிழகத்தில் தடைசெய்யப்பட்டன. பின்பு மஞ்சப்பை இயக்கம் வந்தது. இன்றும் பூக்கடையில் மெல்லிய கவர் கிடைக்கிறது. மக்கள் மாறவில்லையே என்பார்கள். தடையின் முதல் மாதங்களில் ஓட்டலுக்குத் தூக்குவாளியோடு போனவர்களையும், வாழையிலையில் கட்டித் தந்த கறிக்கடைகளையும் நாம் பார்த்தோம். சோதனை தளர்ந்த வேகத்தில் கவர் திரும்பி வந்தது. தொடக்கத்தில் பெரிய நிறுவனங்களின் பொட்டல உறைகளுக்கு விலக்கு, பூக்காரம்மாவுக்கு அபராதம் என்றிருந்த ஒரு சட்டத்தை மக்கள் எவ்வளவு மதிப்பார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். தனிமனிதப் பொறுப்பே இல்லை என்று நான் வாதிடவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் மாதம் பல ஆயிரம் பராமரிப்புக் கட்டணம் கட்டிக்கொண்டு, இரண்டு தொட்டி வைக்க மறுப்பவருக்கு எந்தச் சமூகவியலும் சாக்கு ஆகாது.

விழிப்புணர்வு எங்கே இருக்கிறது என்று பார்க்க விரும்புவோர் கொடுங்கையூருக்குப் போகலாம். நாளொன்றுக்கு 2,100 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையை அங்கே நிறுவ மாநகராட்சி திட்டமிட்டது. 2025 மே மாதம் வடசென்னை மக்கள் அதற்கு எதிராக மனிதச் சங்கிலியாய் நின்றார்கள். மணலியில் ஏற்கெனவே இயங்கிய சிறு எரிப்பு ஆலையின் அனுபவம் அவர்களுக்கு உண்டு; புகையில் என்ன இருக்கும் என்று பேசவும் கற்றிருந்தார்கள். குடியிருப்போர் சங்கங்கள் வைத்த மாற்றுத் திட்டம், வீட்டிலேயே பிரித்து, அந்தந்தப் பகுதியிலேயே மட்கச் செய்து, எரிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாமல் பார்த்துக்கொள்வது. அதாவது அடையாறும் அண்ணா நகரும் தங்கள் முடிச்சைத் தாங்களே அவிழ்க்க வேண்டும் என்று கொடுங்கையூர் கேட்கிறது.