கொடைக்கானல் பாதரசக் கழிவு: சாக்கில் போனதும் கப்பலில் போனதும்... ஆபத்தான சரக்கை எப்படி அனுப்பணும்?

கொடைக்கானல், மூஞ்சிக்கல் பகுதி. 2001 மார்ச் 7. அங்கிருந்த ஒரு பழைய இரும்புக் கடையில் கிழிந்த சாக்குகளில் உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடப்பதை கிரீன்பீஸ் அமைப்பினரும் உள்ளூர் மக்களும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். அது சாதாரண கண்ணாடி இல்லை. செயின்ட் மேரீஸ் சாலையில் இருந்த இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் தெர்மாமீட்டர் தொழிற்சாலையில் இருந்து வந்த, பாதரசம் ஒட்டிய கண்ணாடி.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2003-ல், அதே தொழிற்சாலையில் இருந்து சுமார் 290 டன் பாதரசக் கழிவு மலையிறங்கியது. இந்த முறை அது அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள பாதரச மறுசுழற்சி நிறுவனத்துக்குக் கடல் வழியாகப் போனது.

ஒரே தொழிற்சாலை, ஒரே வகைக் கழிவு. முதல் பயணத்தில் அதன் பெயர் 'ஸ்கிராப்'. இரண்டாவது பயணத்தில் அதன் பெயர் 'அபாயகரமான கழிவு'. ஆபத்தான சரக்கு அனுப்புவதற்கான விதிகள் எல்லாமே இந்தப் பெயர் வித்தியாசத்தில்தான் தொடங்குகின்றன.

தொழிற்சாலை எப்படி வந்தது?

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில் இருந்த தெர்மாமீட்டர் ஆலையின் இயந்திரங்கள்தான் 1980-களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்கு வந்தன. பிறகு அது இந்துஸ்தான் லீவர் கைக்கு மாறியது (இன்றைய பெயர் இந்துஸ்தான் யூனிலீவர்). ஆலையை ஒட்டியே பாம்பார் சோலைக்காடு. 2001 விவகாரத்துக்குப் பிறகு உற்பத்தி நிறுத்தப்பட்டது, மறுபடி தொடங்கவே இல்லை. பாதரசம் கலந்த கண்ணாடி வெளியே விற்கப்பட்டது தங்கள் நடைமுறைகளை மீறிய செயல் என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆனால் தொழிலாளர்களின் உடல்நலம் ஆலையால் கெட்டது என்பதை ஏற்கவில்லை. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் 2016 மார்ச்சில்தான் உடன்பாடு ஏற்பட்டது. தொகை எவ்வளவு என்பது வெளியிடப்படவில்லை.

பாதரசத்தை பேக் செய்வது ஏன் இவ்வளவு சிக்கல்?

முதல் காரணம், எடை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரு லிட்டர் பாதரசம் பதிமூன்றரை கிலோ! சந்தையில் பாதரசம் விற்கப்படும் இரும்புக் குடுவை பார்க்க சின்னதாகத்தான் இருக்கும், கொள்ளளவு இரண்டரை லிட்டர்தான். ஆனால் உள்ளே இருக்கும் பாதரசம் மட்டும் 34 கிலோவுக்கு மேல். தெரியாமல் ஒரு கையால் தூக்கப் போகிறவர் கீழே போட்டுவிட வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது, ஆவி. அறை வெப்பத்திலேயே பாதரசம் ஆவியாகும். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூச்சில் உள்ளே போனால் நரம்பு மண்டலத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கும். சுமார் 10 டிகிரி வெப்பம் ஏறினால் ஆவியாகும் அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். கொடைக்கானல் குளிரில் மூட்டை கட்டிய சரக்கு, சில மணி நேரத்தில் வத்தலக்குண்டு வெயிலுக்கு வந்துவிடும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இதோடு மலைக்கே உரிய இன்னொரு விஷயமும் இருக்கிறது. கொடைக்கானலுக்கு டூர் போனவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்: கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே போனதும் பலூன் மாதிரி உப்பிவிடும். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். மேலே மூடிய காலி தண்ணீர் பாட்டில் கீழே வரும்போது நசுங்குவதும் இதனால்தான். பேக்கிங்கின் மூடியும் ரப்பர் வளையமும் இந்த அழுத்த மாற்றத்தைத் தாங்கணும். விமானச் சரக்குக்கும் இதே கவலை உண்டு.

மூன்றாவது காரணம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஐ.நா. வகைப்பாட்டில் பாதரசத்துக்கு எண் 2809. அது முதன்மையாக வைக்கப்பட்டிருப்பது விஷப் பொருட்களுக்கான 6-ம் வகுப்பில் இல்லை, அமிலங்கள் இருக்கும் 8-ம் வகுப்பில், அதாவது அரிக்கும் பொருட்களில். விஷம் என்பது அங்கே துணை அபாயம்தான். ஏன்? பாதரசம் அலுமினியத்தோடு கலந்து அதன் பாதுகாப்பு மேல்படலத்தைக் குலைத்து, உலோகத்தை அரித்துக்கொண்டே போகும். விமானத்தின் உடல் பெரும்பாலும் அலுமினியம். அதனால்தான் விமானப் பயணியின் பையில் பாதரச தெர்மாமீட்டர் என்றால் ஆளுக்கு ஒன்று, பாதுகாப்பு உறைக்குள், அதுவும் செக்-இன் லக்கேஜில் மட்டும் என்று விதி இருக்கிறது.

சரி, முறையான பேக்கிங் எப்படி இருக்கும்?

பாதரசம் ஊடுருவ முடியாத, கிழியாத, கசியாத உறை ஒன்று சரக்கை எல்லாப் பக்கமும் மூடியிருக்கணும். பெட்டி தலைகீழாகக் கவிழ்ந்தாலும் ஒரு சொட்டு வெளியே வரக்கூடாது என்பதுதான் சர்வதேச விதியின் அளவுகோல். உள்ளே கண்ணாடிக் கலன் இருந்தால் அது உடையாதபடி மெத்தைப் பொருள் வைக்கணும். வெளியே உறுதியான டிரம் அல்லது பெட்டி. உடைந்த கண்ணாடியை சாக்கில் கட்டுவது இதில் ஒவ்வொன்றையும் மீறுகிறது: கண்ணாடி சாக்கைக் கிழிக்கும், துணி இழையின் வழியே பாதரசத் துளி இறங்கும், ஆவியைத் தடுக்க எதுவுமே இல்லை.

அடுத்து காகிதம். இந்தியாவில் அபாயகரமான கழிவுகளுக்கான விதிகள் 1989-லேயே வந்துவிட்டன. மூஞ்சிக்கல் சம்பவம் நடந்தபோது சட்டம் இல்லாமல் இல்லை. இப்போது நடைமுறையில் இருப்பது 2016 விதிகள். இதன்படி ஒவ்வொரு கலனிலும் லேபிள் கட்டாயம். 'அபாயகரமான கழிவு', 'கவனமாகக் கையாளவும்' என்ற வார்த்தைகள் இந்தி, ஆங்கிலத்தோடு அந்தந்த ஊர் மொழியிலும் சிவப்பு எழுத்தில் இருக்கணும். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். உண்மையில் இதுதான் உயிர்நாடி, ஏனென்றால் டிரம்மை உருட்டுகிற சுமைதூக்கும் தொழிலாளி படிக்கப்போவது தமிழ் வரியைத்தான்.

லாரிக்கு 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். சரக்கு என்ன, அதன் ஐ.நா. எண் என்ன, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும் என்ற தகவல் பலகை வண்டியில் இருக்க வேண்டும். டிரைவரிடம் 'டிரெம் கார்டு' எனப்படும் அவசரகால அட்டை இருக்க வேண்டும், அவர் அதற்கான பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும். மலைப்பாதை வளைவில் வண்டி கவிழ்ந்தால் முதலில் ஓடி வருபவர்கள் பக்கத்து டீக்கடைக்காரரும் போலீஸும் தீயணைப்பு வீரர்களும்தான். எதைத் தொடலாம், எதிலிருந்து தள்ளி நிற்கணும் என்று அவர்களுக்குச் சொல்ல அந்த அட்டையைத் தவிர வேறு எதுவும் இருக்காது.

பென்சில்வேனியாவில் என்ன செய்வார்கள்?

கழிவைச் சூடாக்குவார்கள். 357 டிகிரியில் பாதரசம் கொதித்து ஆவியாகும். அந்த ஆவியைக் குளிரவைத்து மறுபடி திரவமாகப் பிடித்துக்கொள்வார்கள். கண்ணாடி தனி, பாதரசம் தனி.

ஆனால் டிரம்மில் அடைக்க முடிந்தது மட்டும்தான் கப்பல் ஏறியது. ஆலை வளாக மண்ணில் இறங்கிய பாதரசம் அங்கேயே இருந்தது. அதை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்ற சண்டை பல ஆண்டுகள் நீடித்தது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்ற அளவு முன்வைக்கப்பட்டபோது, சோலைக்காட்டை ஒட்டிய இடத்துக்கு அது போதாது என்று சூழலியலாளர்கள் எதிர்த்தார்கள்.

லித்தியம் பேட்டரிக்கும் இதே கதைதானா?

ஏறக்குறைய. இன்று வீட்டுக்கு வீடு இருக்கும் ஆபத்தான சரக்கு, செல்போனிலும் பவர் பேங்க்கிலும் உள்ள லித்தியம் அயான் பேட்டரி. அதன் ஐ.நா. எண் 3480, வகுப்பு 9. தனி பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக அனுப்ப 2016 ஏப்ரல் 1 முதல் தடை. சரக்கு விமானத்தில் என்றால் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக்கூடாது. சார்ஜ் குறைவாக இருந்தால் தீப்பிடிக்கும் வேகமும் குறையும்.

பழைய பவர் பேங்க் ஒன்றை கூரியரில் அனுப்புபவர் 'எலக்ட்ரானிக்ஸ்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால், அது 2001-ல் 'ஸ்கிராப்' என்று போன கண்ணாடி மாதிரிதான். உள்ளே பேட்டரி இருக்கிறது என்று கவுன்டரில் சொல்லணும், அந்த நிறுவனம் அதை எடுக்குமா என்று கேட்கணும். தனி பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் போடணும். சாவி, நாணயத்தோடு சேர்த்து வைக்கவே கூடாது.

உப்பிய, நசுங்கிய, நனைந்த பேட்டரி என்றால் அனுப்பும் பேச்சே வேண்டாம். சேதமடைந்து தீப்பிடிக்கக்கூடிய பேட்டரிக்கு எந்த விமானத்திலும் இடமில்லை. 2022-ம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பயன்படுத்தி முடித்த பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. அதனால் விற்ற கடையிலோ சேகரிப்பு மையத்திலோ கேட்டு ஒப்படைக்கலாம், பழைய இரும்புக்காரரிடம் போட வேண்டாம்.