ஆர்லிங்டனின் 27-ஆம் பிரிவு

செத்த பிறகு எல்லோரும் சமம் என்பார்கள். ஊருக்கு ஒரு சுடுகாடு, சேரிக்கு ஒரு சுடுகாடு என்று பார்த்து வளர்ந்த நாம் அதை நம்புவதில்லை. நாட்டுக்காகப் போரிட்டுச் செத்தவர்களாவது சமமாகப் புதைக்கப்பட்டார்களா? அமெரிக்காவின் ஆர்லிங்டன் தேசிய ராணுவக் கல்லறைத் தோட்டத்தின் வரலாற்றைப் படிப்போம், தோழர்களே.

வாஷிங்டன் நகருக்கு எதிரே, பொட்டோமாக் ஆற்றின் மறுகரையில் இருக்கும் அந்த இடம் முதலில் ஒரு பண்ணை. அங்கே மாளிகை எழுப்பியதும் நிலத்தில் உழைத்ததும் அடிமைப்படுத்தப்பட்டிருந்த கறுப்பின மக்கள். பண்ணை உரிமையாளரின் மருமகன் ராபர்ட் ஈ. லீ. 1861-ல் உள்நாட்டுப் போர் மூண்டபோது, அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்களின் படைக்கு அவர் போனார். ஒன்றியப் படை பண்ணையைக் கைப்பற்றியது.

1863-ல் அதே பண்ணையில், அடிமைத்தளையிலிருந்து மீண்டவர்களுக்கென்று அரசு ஒரு குடியிருப்பை அமைத்தது. விடுதலை பெற்றோர் கிராமம் என்று அதற்குப் பெயர். வீடுகள், பள்ளி, மருத்துவமனை, தேவாலயம் எல்லாம் அங்கே இருந்தன. மறுவருடம் மே 13-ல் பண்ணையில் முதல் ராணுவ வீரர் புதைக்கப்பட்டார். அந்தப் பண்ணையிலேயே அடிமையாகப் பிறந்த ஜேம்ஸ் பார்க்ஸ், முதல் குழிகளை வெட்டியவர்களில் ஒருவர். குழி வெட்டும் வேலை யார் தலையில் விழும் என்பது நமக்குத் தெரியாததா?

மாளிகையின் பூந்தோட்டத்தை ஒட்டி அதிகாரிகளின் கல்லறைகள் அமைந்தன. கறுப்பினப் படைவீரர்களோ வடக்கு ஓரத்தில், இன்று 27-ஆம் பிரிவு எனப்படும் இடத்தில் புதைக்கப்பட்டார்கள். விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் 3,800-க்கும் மேற்பட்டோர் அங்கேதான் கிடக்கிறார்கள். அவர்களுடைய கற்களில் 'குடிமகன்' அல்லது 'படை சாராதவர்' என்று பொறித்திருக்கிறது. கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்கள் ஆக முடியாது என்று 1857-ல் தீர்ப்பளித்தது அந்நாட்டின் உச்ச நீதிமன்றம். அந்தத் தீர்ப்பைத் தாண்டி, 1868-ல் வந்த 14-ஆவது சட்டத்திருத்தம்தான் அவர்களுக்குக் குடியுரிமையை உறுதி செய்தது.

செத்தவர்களுக்குக் கல்லில் குடியுரிமை. உயிரோடு இருந்தவர்களுக்கு? லீயின் மகன் நிலத்துக்கு வழக்குத் தொடுத்து 1882-ல் வென்றார். அடுத்த ஆண்டு அரசு அவருக்கு 1,50,000 டாலர் கொடுத்து நிலத்தை வாங்கியது. விடுதலை பெற்றோர் கிராமத்தினரை வெளியேறச் சொல்லி 1887-ல் உத்தரவு வந்தது. அவர்கள் எதிர்த்து நின்றார்கள். கடைசியில் 1900-ல் கிராமமே இல்லாமல் போனது. மொத்தக் கிராமத்துக்கும் சேர்த்துக் கிடைத்த இழப்பீடு 75,000 டாலர். லீ குடும்பத்துக்குக் கிடைத்ததில் பாதி. அதே 1900-ல்தான், அடிமைமுறைக்காகப் போரிட்ட தென்மாநில வீரர்களுக்கு ஆர்லிங்டனில் தனிப்பகுதி ஒதுக்க அமெரிக்க நாடாளுமன்றம் அனுமதித்தது. 1914-ல் அவர்களுக்கு நினைவுச்சின்னமும் எழுந்தது. அது அகற்றப்பட்டது 2023 டிசம்பரில்.

இரண்டு உலகப் போர்களிலும் கறுப்பினத்தவர் போரிட்டார்கள். அப்போதும் ஆர்லிங்டனில் அவர்களுக்குத் தனி இடம்தான். ராணுவத்தில் நிறப் பாகுபாட்டை ஒழிக்க 1948-ல் அதிபர் ட்ரூமன் ஆணை பிறப்பித்த பிறகே கல்லறைப் பிரிவினையும் முடிந்தது. அந்த ஆணை யார் மனம் கனிந்தும் வந்ததல்ல. கறுப்பின மக்களின் இயக்கங்கள் பல்லாண்டு போராடிப் பெற்றது.

ஜேம்ஸ் பார்க்ஸ் 1929-ல் இறந்தார். ராணுவ மரியாதையோடு அவரை ஆர்லிங்டனிலேயே புதைத்தார்கள். அந்த மண்ணில் பிறந்து அங்கேயே புதைக்கப்பட்டவர் அவர் ஒருவர்தான் என்கிறார்கள். ஒருவருக்குக் கிடைத்த அந்த மரியாதையால், அவர் வெட்டிய குழிகளில் இருந்த பிரிவினை மாறிவிடவில்லை. அதற்கு இன்னும் 19 ஆண்டுகள் ஆயின.

களப்பணிக்குப் போகும் தோழர்களிடம் ஒன்று கேட்கிறோம். போகிற ஊரில் பள்ளியையும் தண்ணீர்த் தொட்டியையும் பார்ப்பதுபோல் சுடுகாட்டையும் போய்ப் பாருங்கள். எத்தனை சுடுகாடுகள், எது யாருக்கு, பாதை யார் நிலத்தின் வழியாகப் போகிறது, குழி வெட்டுவது யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். மனு எழுத உட்காரும்போது அந்தக் குறிப்புதான் நமக்குக் கைகொடுக்கும்.