மலபார்ச் சடங்கு வழக்கும் கீழ்ப்படிதலும்

கத்தோலிக்கத் துறவியர் ஏற்கும் வார்த்தைப்பாடுகளுள் கீழ்ப்படிதலும் ஒன்று. தமிழகத்தில் அதனைக் கடுஞ்சோதனைக்கு உள்ளாக்கியது மலபார்ச் சடங்கு வழக்காகும். அக்கால ஐரோப்பியர் தமிழரையும் மலபாரிகள் என அழைத்தமையால் இப்பெயர் அமைந்தது.

1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி, உள்நாட்டு உடையையும் உணவுமுறையையும் மேற்கொண்டார். எதிர்ப்பு எழுந்தபோது, விளக்கங்கள் எழுதி உரோமையிடம் முறையிட்டார். 1623இல் திருத்தந்தை 15ஆம் கிரகோரி பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றை நிபந்தனையுடன் அனுமதித்தார். அவ்வாணையே, உயர்குலத்தார் தாழ்ந்த நிலையினரை, குறிப்பாகக் கோயிலில், இகழலாகாது எனவும் வேண்டியது. முற்பகுதி விரைந்து நடைமுறைக்கு வந்தது; பிற்பகுதி ஏட்டளவில் நின்றது.

1704இல் புதுச்சேரியில் திருத்தந்தையின் தூதர் தூர்னோன் 16 விதிகள் கொண்ட ஆணை பிறப்பித்தார். நோயுற்ற பறையர் இல்லங்களுக்குக் குருக்கள் சென்று அருட்சாதனங்கள் வழங்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. உயர்குலத்தார் விலகிவிடுவர் என அஞ்சிய இயேசு சபையினர் தளர்வு வேண்டினர். 1744இல் 14ஆம் பெனடிக்ட் ஆணையை உறுதிப்படுத்தினார். எனினும், பறையருக்கெனத் தனிக் குருக்களை அமர்த்தும் ஏற்பாட்டிற்கு இசைந்தார். ஆணையும் காக்கப்பட்டது, சாதிப் பிரிவும் காக்கப்பட்டது.

மறைபரப்பாளர் ஏற்க வேண்டியிருந்த உறுதிமொழி 1940இல் நீக்கப்பட்டது. முறையீடு கீழ்ப்படிதலுக்குப் புறம்பானதன்று என்பதை நொபிலியின் வரலாறு காட்டுகிறது. ஆயினும், அடுத்த நூற்றாண்டின் முறையீடுகளால் காலந்தாழ்ந்தது நோயுற்றோர் இல்லத்திற்குள் குரு எடுத்துவைக்க வேண்டிய அடியே ஆகும்.