குடோன் வந்த வழி

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் தகரக் கூரை வேய்ந்த நெடிய கட்டடங்கள் நிற்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கின. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. ஆலைகள் எழுந்தால் உதிரிப் பாகங்களை வைக்க இடம் வேண்டுமல்லவா? பெயர்ப் பலகைகள் ‘வேர்ஹவுஸ்’ என்று கூறினும், லாரி ஓட்டுநரும் சுமை தூக்குவோரும் ‘குடோன்’ என்றே வழங்குகின்றனர்.

“குடோன் ஆங்கிலச் சொல், கிடங்கு என்று தமிழில் சொல்” எனப் பிள்ளைகளைத் திருத்தும் பெரியோர் நம்மிடையே உண்டு. திருத்துவதில் பிழையில்லை. ஆயினும், அவர்கள் விரட்டும் சொல்லும் வரவேற்கும் சொல்லும் ஒன்றே என்பதை அறிந்தால் வியப்படைவர்.

‘கிட’ என்னும் வேரிலிருந்து வந்தது கிடங்கு. பள்ளம், அகழி என்பன அதன் பழம்பொருள்கள். திண்டிவனத்தை அடுத்த கிடங்கில், சங்க காலத்தில் நல்லியக்கோடனின் ஊர். பின்னர்ப் பண்டங்கள் வைக்கும் இடத்திற்கும் கிடங்கு என்பது பெயராயிற்று. தெலுங்கிலும் இதற்கு உறவான சொல் உண்டு.

சோழமண்டலக் கரையின் துணி மூட்டைகளோடு இச்சொல்லும் கப்பலேறியது. மரைக்காயர்களும் செட்டிமார்களும் வாணிகம் செய்த மலாய் மண்ணில் அது ‘குடாங்’ ஆயிற்று. கப்பல் ‘காப்பால்’ ஆனதும், கடை ‘கெடாய்’ ஆனதும், வணிகனின் முதல் ‘மோடால்’ ஆனதும் இவ்வாறே. ஆட்சியாளர் எவரும் ஆணையிட்டுப் புகுத்திய சொற்கள் அல்ல இவை. கொடுக்கல் வாங்கலில் தாமே ஒட்டிக்கொண்டவை.

1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியர் இச்சொல்லைத் தம் நாவிற்கேற்ப ‘குதாவ்’ என்றனர். அவர்களை அடுத்து வந்த ஆங்கிலேயர் வாயில் அது ‘கோடவுன்’ ஆயிற்று. எழுத்தைப் பார்த்தால் ‘கீழே போ’ என்பது போலத் தோன்றும். அது வெறும் ஒலியொற்றுமையே. தஞ்சையில் நீதிபதியாயிருந்த பர்னெலும், யூலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி இச்சொல்லின் தென்னிந்தியப் பிறப்பைக் காட்டுகிறது. அந்த அகராதியின் பெயரே, முஹர்ரம் ஊர்வலத்தில் எழும் ‘யா ஹஸன், யா ஹுஸைன்’ என்னும் குரலை ஆங்கிலச் சிப்பாய்கள் சிதைத்துச் சொன்னதன் விளைவு!

சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் நகரத்தார் தங்கி, பெட்டியடி போட்டு வட்டித் தொழில் நடத்திய நீண்ட கூடங்களுக்குக் ‘கிட்டங்கி’ என்று பெயர் வழங்கிற்று. அக்கரைக்குச் சென்று வந்த குடும்பங்களில் முதியோர் சிலர் இச்சொல்லைக் கேட்டிருக்கக்கூடும்.

பண்டசாலையைக் குறிக்கும் மற்றொரு சொல்லின் பயணமும் சுவையானது. அரபு மொழியில் ‘மக்ஸன்’ என்றால் சேமிப்பிடம். அதன் பன்மை ‘மகாஸின்’. இத்தாலி, பிரெஞ்சு மொழிகளின் வழியே ஆங்கிலம் புகுந்து வெடிமருந்துச் சாலையைக் குறித்த அச்சொல், 1731இல் லண்டனில் ‘ஜென்டில்மேன்ஸ் மேகஸின்’ தோன்றிய பின் பல்சுவை இதழுக்கும் பெயராயிற்று. கட்டுரைகளைச் சேர்த்துவைக்கும் கிடங்கு என்பது கருத்துப் போலும்! நம் கஜானாவும் அதே அரபு வேரிற் கிளைத்ததுதான்.

ஆதலின் குடோனை அயலானென்று வெளியேற்ற எனக்கு மனமில்லை. அதைத் தமிழுக்கே உரியதென்று முழுவதும் உரிமை கொண்டாடவும் இயலாது. மலாய்க்காரரும் போர்த்துக்கீசியரும் அதில் தத்தம் நாவின் தடத்தைப் பதித்துள்ளனர். ஒரகடத்துக் குடோனில் ஏற்றிய பெட்டியொன்று கப்பலேறி இந்தோனேசியாவில் இறங்குமாயின், அங்கே அது வைக்கப்படும் இடத்தின் பெயர் இன்றும் ‘குடாங்’தான்.